குற்றாலத்தில் காரியம் பேசியவர்

ஆடி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். முதல் மணி இன்னும் அடிக்கவில்லை. ஆசிரியர் அறையில் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு நான் திரும்பியபோது, பியூன் மாடசாமி தலைத்துண்டைக் கையில் பிடித்தபடி கதவடியில் நின்றுகொண்டிருந்தார்.

"டிராயிங் சார் தவறிட்டாக. விடியக்காலம் முடிஞ்சிருச்சாம். குத்துக்கல்வலசையிலேருந்து ஆள் வந்திருக்கு," என்றார்.

அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். "அடப் பாவமே, என்னமாச் சிரிக்க வைப்பாரு!" என்றார் ஒருவர். "அந்தக் கடல்குதிரைச் சங்கதி ஞாபகம் இருக்காவே?" என்றார் இன்னொருவர். அவ்வளவுதான், ஒரு சிரிப்பு கிளம்பிவிட்டது. சாவுச் செய்தி வந்து அறையில் உட்காரக்கூட இல்லை. அவர்களைச் சொல்லி என்ன? பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்துப் பழகிய வாய்கள்.

மாலையில் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "நீர்தான் அவருக்கு நெருக்கம். பள்ளி மலருக்கு ரெண்டு பக்கம் எழுதிக் கொடும். அவர் சொல்லுத வேடிக்கைத் தகவலையெல்லாம் சேத்து, கொஞ்சம் கலகலப்பா இருக்கட்டும்," என்றார். கலகலப்பாக! அனுதாபக் கூட்டமெல்லாம் முடிந்தபிறகு எழுதிக் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாம் பக்கத்தைப் படிக்காமலே திருப்பித் தந்துவிட்டார். ஆகையால் இது பள்ளி மலரில் வரவில்லை, வேறு இடத்தில் வருகிறது. படிப்பவர்கள் கலகலப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

குற்றாலிங்கம் அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தென்காசியில் நாங்கள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் அவர் சித்திர ஆசிரியராக இருந்தார். ஒல்லியான தேகம். கழுத்துவரை பித்தான் போட்ட கோட்டு ஒன்று. அதன் பையில் எப்போதும் கசங்கிய தாள்கள். இந்த உலகத்தில் யாருக்கும் எதற்கும் உதவாத விஷயங்களைத் தேடித் தெரிந்துகொண்டு, எதிர்ப்படுகிறவர்களுக்கெல்லாம் வாரிக் கொடுப்பதே அவர் பிறவி எடுத்த காரியமோ என்று நான் நினைத்ததுண்டு.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று நான் வருகைப் பதிவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். நான் கணக்கு வாத்தியார். கூட்டும்போது யாராவது பேசினால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். பெயர்கூடச் சொல்லவில்லை.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தெலும்பு எத்தனைன்னு தெரியுமாவே?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். ஏழு. உமக்கும் ஏழு, எனக்கும் ஏழு. அம்புட்டு உசரத்துக்கும் அதே ஏழுதான்."

சொல்லிவிட்டு எழுந்து வகுப்புக்குப் போய்விட்டார். எனக்குக் கூட்டல் தப்பிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் என் கை தானாகப் பின்கழுத்துக்குப் போய்ப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அவரைப் பிடித்து, "இதெல்லாம் என்ன பிரயோஜனம் ஓய்?" என்று சண்டைக்கே போனேன். அவர் சிரித்தார். "பிரயோஜனம் உள்ளதெல்லாம் யாரோ ஒருத்தனுக்குச் சொந்தமாயிருது வே. வயக்காடு, தோப்பு, உத்தியோகம், எதை எடுத்தாலும் ஒருத்தன் பேருல இருக்கு. பிரயோஜனம் இல்லாததுதான் எல்லாருக்கும் பொது. எனக்கு அதுல பங்கு உண்டுல்லா?" என்றார். அப்போது அதை நான் வாய்ச்சாலகம் என்று எடுத்துக்கொண்டேன்.

தகவல்கள் அவருக்கு எங்கிருந்து கிடைத்தன என்றால், பெரும்பாலும் குப்பையிலிருந்துதான். கடலைப் பொட்டலம் வாங்கினால் கடலையை மகள் கோமதியிடம் கொடுத்துவிட்டுத் தாளை இவர் எடுத்துக்கொள்வார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை ராவுத்தர் ஒருவர் மதராஸிலிருந்து வரும் துணிக்கட்டுகளுக்குள் இருக்கும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களை இவருக்கென்றே நீவி மடித்து வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்து படிப்பார். துணி எடுக்க வந்தவர்கள் துணியை மறந்துவிட்டு இவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டாம்பூச்சி காலால்தான் ருசி பார்க்கிறது. ஆந்தையால் விழியைத் திருப்ப முடியாது, தலையைத்தான் திருப்ப வேண்டும். கடல்குதிரையில் குட்டியைச் சுமந்து பெறுவது ஆண். இந்தக் கடைசிச் சங்கதி வெளியான அன்று கடையில் இருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். ஒரு ஆச்சி மட்டும், "அந்தக் கடல் எங்கன இருக்குன்னு கேட்டுச் சொல்லும் ஐயா, எங்க வீட்டு ஆளைக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்," என்றாளாம்.

ஒருமுறை வாழைக்காய் மண்டியில் நின்றுகொண்டு, வாழை என்பது மரமே இல்லை, அது புல்பூண்டு வகை என்று சொல்லிவிட்டார். மண்டிக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப நான் இத்தன வருசமா விக்கது என்ன, கீரையா?" என்று மல்லுக்கு நின்றார். கூட்டம் கூடிவிட்டது. இவர் அசரவில்லை. அங்கேயே ஒரு வாழைத் தண்டை உரித்து, மட்டைக்குள் மட்டை, அதற்குள் மட்டை என்று கடைசிவரை காட்டி, "இதுல கட்டை எங்கன இருக்கு, காட்டும் பாப்போம்," என்றார். மண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு அவருக்கே ஒரு சீப்புப் பழம் கொடுத்து அனுப்பினார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் கட்டிச் சொல்ல மாட்டார். நிச்சயமில்லாத ஒன்றை, எவ்வளவு வேடிக்கையாக இருந்தாலும், வெளியே விடமாட்டார். ஒரு மனிதரைக் கேலி செய்கிற சங்கதி எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. குறையும் உண்டு. நிறுத்தத் தெரியாது. துட்டி கேட்கப் போன சாவு வீட்டிலும் சொல்லுவார், கல்யாணப் பந்தியிலும் சொல்லுவார். பந்தியில் ஒருநாள், மிளகாய் நம் தேசத்துச் சரக்கே இல்லை, கப்பலில் வந்தது என்று ஆரம்பித்துவிட்டார். சமையற்காரர் கரண்டியோடு வந்து நின்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் இலைக்கு அன்று ரசம் வரவே இல்லை.

இனிச் சிரிப்பு இல்லாத பகுதிக்கு வருகிறேன்.

குற்றாலிங்கம் அவர்களின் வேலை 'ஆக்டிங்' வேலை. ஒவ்வொரு வருஷமும் பங்குனியில், கோடை விடுமுறைக்கு முன், "உம்மை விடுவித்திருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். ஆனியில் பள்ளி திறந்ததும், "வந்து வேலையைப் பாரும்" என்பார்கள். கோடை முழுவதும் சம்பளம் இல்லை. ஆனியில் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்பது கூப்பிடும்வரை தெரியாது. அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் எப்படி அடுப்பு எரிந்தது என்று அவர் என்னிடம் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. ஆக்டிங்கிலேயே பன்னிரண்டு வருஷம் ஒரு மனிதர் யானையும் பூசணியும் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இது எந்த ஊர் நியாயம்?

கோமதிக்குக் கல்யாண வயது வந்தது. சிவகிரியிலிருந்து நல்ல இடம் ஒன்று வந்தது. பையன் அங்கே ஒரு பண்ணையில் கணக்குப் பார்க்கிறவர். பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணுக்கும் பிடித்திருந்தது. பையனின் தகப்பனார் எழுந்திருக்கும்போது கேட்டாராம்: "வேலை பெர்மனென்ட்தான?" குற்றாலிங்கம் இல்லை என்றார். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "அப்ப அது ஆகட்டும். ஆவணிவரைக்கும் பொறுக்கோம். ஆக்டிங் வாத்தியார் வீட்டுல பெண்ணெடுத்தோம்னு நாளைக்கு எங்களை நாலு பேரு பேசக்கூடாது பாருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆக, மானேஜர் போடவேண்டிய ஒரு கையெழுத்தில் கோமதியின் கல்யாணம் நின்றது.

எங்கள் பள்ளிக்கூடத்து மானேஜர் ஒரு வக்கீல். பெயரை எழுதப்போவதில்லை. தென்காசியில் அவர் வீட்டுக்குப் போனால் முன்கட்டில் கட்சிக்காரர் கூட்டம். குமாஸ்தா எழுந்து வந்து, "ஐயா கேஸ்ல மூழ்கியிருக்காக. சீசனுக்குக் குத்தாலத்துல சாவகாசமா இருப்பாக, அங்கன வச்சுப் பேசிக்கிடும்," என்பார். குற்றாலத்தில் அருவிக்குப் போகிற பாதையில் வக்கீலுக்கு ஒரு பங்களா உண்டு. சாரல் தொடங்கியதும் சிநேகிதர்களோடு அங்கே போய்விடுவார். அந்தப் பங்களாவில் ஒரு சட்டம் வைத்திருந்தார்: சீசனுக்கு வந்த இடத்தில் யாரும் காரியம் பேசக்கூடாது. வழக்கு, வரி, சிபாரிசு, எதைப் பற்றியும் மூச்சு விடக்கூடாது. மீறிப் பேசியவர், எந்நேரமானாலும், உடனே போய் அருவியில் இன்னொரு குளி குளித்துவிட்டு வரவேண்டும். மிராசுதார் ஒருவர் வாய்தவறிக் குத்தகையைப் பற்றிப் பேசிவிட்டு, தொந்தியில் எண்ணெயைத் தடவிக்கொண்டு திரும்பப் போனதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். உண்டு கொழுத்தவர்களுக்கு அது விளையாட்டு.

தென்காசியில் கேட்டால் குற்றாலத்தில் பேசு. குற்றாலத்தில் பேசினால் தண்டனை. எப்பேர்ப்பட்ட வக்கீல் பாருங்கள்!

குற்றாலிங்கம் பேசுவதை ராவுத்தர் கடையில் ஒருநாள் கேட்டுவிட்டு, வக்கீல் அவரைப் பங்களாவுக்கு வரச் சொன்னார். அதிலிருந்து ஒவ்வொரு சீசனிலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவார்கள். குளித்துவிட்டு வந்து பசியோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு, இலை போடும்வரை ஒரு வேடிக்கை வேண்டுமல்லவா? இவர் சொல்லுவார். அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இவருக்கும் கடைசிப் பந்தியில் ஒரு இலை விழும். திங்கட்கிழமை காலையில் நான் கேட்பேன்.

"கேட்டீராவே?"

"எங்க கேக்க? நான் நுழையும்போதே சிரிக்க ஆரம்பிச்சிருதாக. சிரிச்சுக்கிட்டு இருக்கவுகிட்ட எப்படி வே கேக்கது?"

எனக்குத் தலைக்கு ஏறும். "அவுகளுக்கு நீரு ஒரு குரங்காட்டி, அம்புட்டுதான்!" என்று கத்தியிருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். "இல்லவே, நல்ல மனுசங்கதான். ஒருநாள் தானாக் கேப்பாக," என்பார். அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்த வருஷம் ஆனி வந்தது, பள்ளி திறந்தது, அவரைக் கூப்பிடவில்லை. யுத்தத்தினால் சிக்கனம் என்றார் தலைமை ஆசிரியர். ராயகிரியிலிருந்து வக்கீலின் மைத்துனர் முறையில் ஒரு பையன் வரப்போகிறான் என்றார் மாடசாமி. இந்த மாதிரி விஷயங்களில் மாடசாமி சொல்வதுதான் சரியாக இருக்கும். குத்துக்கல்வலசைக்குப் போய் இதை அவரிடம் சொன்னேன். அவர் போர்வையைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகக் காய்ச்சல். அவர் மனைவி செண்பகம் அம்மாள் அடுப்படியிலிருந்தே, "அண்ணாச்சி, நீங்க கூடப் போங்க. இவுக போனா ஒட்டகத்தைப் பத்திப் பேசிட்டுச் சாப்புட்டுட்டு வந்துருவாக," என்றார். கோமதி கஷாயத்தை ஆற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"காய்ச்சல் விடட்டும் ஓய்," என்றேன்.

"ஆவணிக்கு எத்தன நாள் வே இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கோட்டை எடுத்து மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை குதிரைவண்டி பிடித்துப் போனோம். இலஞ்சி தாண்டியதும் சாரல். வண்டியில் அவர் வழக்கத்துக்கு மாறாகப் பேசாமலே வந்தார். நான் ஒன்றுக்கு நாலு தரம் சொன்னேன், "இன்னைக்குச் சங்கதி கிங்கதி கிடையாது, நேரே விஷயத்துக்குப் போகணும்" என்று. "ஆகட்டும்வே," என்றார்.

பங்களா வராந்தாவில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். நடுவில் வக்கீல், பக்கத்தில் மங்குஸ்தான் பழத்தோல் குவியல். அந்த மிராசுதாரும் இருந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்த டாக்டர் ஒருவரும் இருந்தார். எங்களைக் கண்டதும் ஒரே ஆரவாரம்.

"வாரும் வாரும்! உமக்காகத்தான் இலை போடாம இருக்கோம். இன்னைக்கு என்ன கொண்டாந்தீர்?" என்றார் வக்கீல்.

குற்றாலிங்கம் உட்காரவில்லை. கைகூப்பிக்கொண்டு நின்றார். "ஐயா, இன்னைக்கு ஒண்ணும் கொண்டுவரல. ஒரு காரியமா வந்தேன்."

மிராசுதார் தொடையில் அடித்துக்கொண்டார். "ஏ, காரியம்னுட்டாருவே! டிராயிங் சாரும் மாட்டிக்கிட்டாரு!" முதலில் கை தட்டியவர் டாக்டர்.

"சிவகிரியில சம்பந்தம் பேசியிருக்கு ஐயா. ஆவணிக்குள்ள வேலை நிரந்தரம்னு ஆகணும்ங்காக. பன்னெண்டு வருசமா ஐயா நிழல்ல..." அதற்குமேல் அவர் குரல் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. வக்கீல் கண்ணில் வந்த நீரைத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

"யாரா இருந்தாலும் சட்டம் சட்டந்தான் சார்! மொதல்ல அருவிக்குப் போயிட்டு வாரும். அப்புறம் பேசலாம்."

"வந்து பேசலாங்களா ஐயா?"

"பேசலாம் சார், பேசலாம்!"

"அவருக்கு மூணு நாளாக் காய்ச்சல்," என்றேன் நான். என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். "குத்தாலத்துத் தண்ணி மூலிகைத் தண்ணியில்லா? காய்ச்சல் எல்லாம் சொல்லாமக் கொள்ளாம ஓடிரும்," என்றார் மிராசுதார். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் இன்னொரு பழத்தை உடைத்துக்கொண்டிருந்தார். சிபாரிசு பேசியதற்காக எனக்கும் ஒரு குளி என்றார்கள். போகமாட்டேன் என்று நின்றேன். கணக்கு வாத்தியாருக்கு ரசனை கிடையாது என்று விட்டுவிட்டார்கள்.

நான் குற்றாலிங்கத்தின் கையைப் பிடித்தேன். கை கொதித்தது. "வாரும், வீட்டுக்குப் போவோம். இந்தப் பிழைப்பு வேண்டாம் ஓய்." அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "வந்து பேசலாம்னு சொல்லிட்டாருல்லா? தண்ணியில நின்னாத்தான் பேச விடுவாகன்னா, நின்னுட்டு வாரேன் வே. எம்புட்டுப் பேரு நிக்கான்."

கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். நிஜமாகவே நனைகிறாரா என்று பார்க்க இரண்டு பேர் குடையோடு கூடவே வந்தார்கள். பெரிய அருவியில் தண்ணீர் திரண்டு இறங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஆனந்தமாகக் கூச்சல் போட்டுக்கொண்டு நின்ற இடத்தில் அவரும் போய் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றார். குடைக்காரர்கள் போதும் என்று கை காட்டியபிறகுதான் வெளியே வந்தார். பல் கிட்டிப்போய்ப் பேச்சு வரவில்லை.

பங்களாவில் இலை போட்டிருந்தார்கள். அவருக்கு அன்று முதல் பந்தியிலேயே இடம். நனைந்த வேட்டியோடு வக்கீல் முன்னால் போய், "ஐயா, அந்தக் காரியம்..." என்று ஆரம்பித்தார்.

"இன்னொரு தரம் பேசினா இன்னொரு தரம் போகணும் சார்!" என்றார் வக்கீல். பந்தி முழுவதும் குலுங்கியது. "உக்காரும், சூடாச் சாப்பிடும். சாப்பிடுததுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு எடுத்து விடும்."

அவர் உட்கார்ந்தார். இலையைப் பார்த்தார். பிறகு வக்கீல் முகத்தை நேரே பார்த்துச் சொன்னார்: "வெட்டுக்கிளியில ஒரு ஜாதிக்குக் காது தலையில இல்ல ஐயா. முன்னங்காலுல இருக்கு. அதுகிட்ட ஒண்ணு கேக்கணும்னா காலடியில போய்த்தான் சொல்லணும்."

அவர்கள் அதுவரை அப்படிச் சிரித்ததில்லை. மிராசுதாருக்குப் புரையேறிவிட்டது. நான் இலையை விட்டு எழுந்துவிட்டேன்.

திரும்பும்போது வண்டியில் அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. நாலாம் நாள் நெஞ்சில் சளி கட்டி மூச்சு இழுத்தது. தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தவர் வெளியே வந்து தலையை ஆட்டினார். நான் தினமும் போனேன். ஒரு சாயங்காலம் கண்ணைத் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். பாயைத் தட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"வே, இத்தன வருசமா அவுகளுக்கு எம்புட்டோ சொல்லியிருக்கேன். சிரிக்க முடியாத சங்கதி எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. எம்மக கல்யாணம். அதுக்கும் சிரிச்சுட்டாக வே."

அதற்குப்பின் அவர் என்னோடு பேசவில்லை.

அவரை எரித்து மூன்றாம் நாள் ராயகிரிப் பையன் வேலையில் சேர்ந்தான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யானை வரையத் தெரிந்தால் சரி. அவனுடைய உத்தரவை மாடசாமிதான் கொண்டுவந்தார். அதில் 'ஆக்டிங்' என்ற வார்த்தை இல்லை.

சனிக்கிழமை பள்ளி மண்டபத்தில் அனுதாபக் கூட்டம் நடத்தினார்கள். வக்கீல் குற்றாலத்திலிருந்து அதற்கென்றே வந்திருந்தார். நன்றாகப் பேசினார்; பேசுவதுதானே அவர் தொழில். கடல்குதிரையைச் சொன்னார். வாழைப் பூண்டைச் சொன்னார். கடைசியில், "போன மாசம்கூட எங்க பங்களாவுக்கு வந்து, விளையாட்டாக் காரியம் பேசி, விளையாட்டாத் தண்டனையும் ஏத்துக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டே ஒரு ஜோக்கும் சொன்னாரு. கடைசிவரைக்கும் அந்தச் சிரிப்பு மாறல," என்றார். வெட்டுக்கிளியையும் சொன்னார். மண்டபம் சிரித்தது. விளையாட்டாக என்றாரே, அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இதை எழுத உட்கார்ந்தேன். இதனால் மானேஜர் மனம் புண்படும், உமக்குக் கெடுதல் வரும் என்று சிநேகிதர்கள் பயப்படுகிறார்கள். வரட்டும். எனக்கு பெர்மனென்ட் வேலை. அவ்வளவு லேசில் போகாது. பெர்மனென்ட் வேலையின் அருமை அதுதான்.

கூட்டம் முடிந்ததும் வக்கீல் துட்டி கேட்கக் குத்துக்கல்வலசைக்கு வந்தார். கூட டாக்டரும் மிராசுதாரும். முற்றத்தில் பாய் போட்டிருந்தது. சிவகிரியிலிருந்து அன்று காலையில்தான் ஆள் வந்து, துக்க வீட்டில் முகூர்த்தப் பேச்சு வேண்டாம், பிற்பாடு பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கோமதி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, நடந்தது நடந்துபோச்சு. உங்களுக்கு என்ன உதவி வேணும்னாலும் கூசாம வந்து கேளுங்க. ஆடி முடியுதவரைக்கும் நான் குத்தாலத்துலதான் இருப்பேன்," என்றார்.

செண்பகம் அம்மாள் எழுந்து நின்றார். அவர் ஆண்கள் முன்னிலையில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. குரல் உயரவே இல்லை.

"வாரேன் ஐயா. கேக்க வேண்டியது இருக்கு, கண்டிப்பா வாரேன். எந்த அருவியில நின்னுட்டு வரணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க. பொம்பளைக்கும் அதே சட்டந்தானா?"

வக்கீல் வாயைத் திறந்தார். கோர்ட்டில் அந்த வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை என்பார்கள். மிராசுதார் பாயிலிருந்த ஒரு கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். வக்கீல் செருப்பைத் தேடினார். அது காலடியிலேயே கிடந்தது, தெரியவில்லை. மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு படி இறங்கினார்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை, குற்றாலிங்கம். பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. நீர் கேட்க நினைத்தது அன்றைக்குத்தான் அவர் காதில் விழுந்தது. போய் வாரும்.